செயற்கை ஹார்மோனிக்: பின்ச், தட்டல், ஹார்ப் ஆகியவற்றில் எதிலிருந்து தொடங்குவது?

மின்கிட்டாரில் ஓரளவு கை பழகி, கார்டுகளும் பென்டடோனிக் ஸ்கேலும் தடையின்றி வரத் தொடங்கியவுடன் பலருக்கும் எழும் ஆசைகளுள் ஒன்று, தனிவாசிப்பின் நடுவே ஒரே ஒரு சுரத்தை மட்டும் கீச்சென்று மேலே பறக்கவிட வேண்டும் என்பது. அந்த ஒலிக்குச் செயற்கை ஹார்மோனிக் என்று பெயர். அதை எழுப்பும் வழிகள் பல இருந்தாலும், கற்பவர் முன் உண்மையில் நிற்பவை மூன்று. தந்தியை மீட்டும் சிறு தகடான பிக்கோடு சேர்த்துக் கட்டைவிரலின் ஓரத்தையும் தந்தியில் உரசவிடுவது பின்ச் முறை. வலக்கை விரலால் ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையின்) மேல் தட்டி எடுப்பது தட்டல் முறை. சுட்டுவிரலால் தந்தியைத் தொட்டுக்கொண்டே அதே கையின் வேறொரு விரலாலோ பிக்காலோ மீட்டுவது ஹார்ப் முறை. இவற்றுள் எதை முதலில் எடுத்துக்கொள்வது என்பதே இங்கே கேள்வி.

பெரும்பாலோர் யோசிக்காமல் பின்சைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஏறத்தாழ ஓராண்டு கழிந்த பின்னரே, கீச்சொலி தவறாமல் வருகிறது, ஆனால் வருவது எந்தச் சுரம் என்று எனக்கு முன்கூட்டித் தெரிவதில்லை என்பது உறைத்தது. அதனால் இந்த மூன்றையும் ஒப்பிடும்போது, எளிமை, வேகம், ஒலியின் மிடுக்கு ஆகியவற்றைவிட, எழும் சுரத்தைத் தீர்மானிப்பது வாசிப்பவரா தற்செயலா என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். இந்த அளவுகோலை ஏற்காதவர்களுக்கு என் முடிவு பொருந்தாமல் போகலாம்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இடக்கையால் எந்த ஃபிரெட்டையும் அழுத்தாமல், திறந்த தந்தியை 12ஆவது ஃபிரெட்டின் உலோகப் பட்டைக்கு நேர் மேலே இலேசாகத் தொட்டு மீட்டி, விரலை உடனே எடுத்துவிட்டால் மணியோசை போன்ற ஒன்று கேட்கும். இது இயல்பான ஹார்மோனிக். அவ்விடம் தந்தியின் சரிபாதி என்பதால், அங்கே அசைந்தாக வேண்டிய அதிர்வுகளையெல்லாம் விரல் அடக்கிவிடுகிறது; அங்கே கணு, அதாவது அசையாத புள்ளி, உடைய அதிர்வுகள் மட்டும் எஞ்சி ஒலிக்கின்றன. பள்ளி இயற்பியலில் கணு, எதிர்க்கணு என்று வரைந்து பார்த்த அதே படம்தான். இயல்பான ஹார்மோனிக்கின் குறை என்னவென்றால், ஆறு திறந்த தந்திகள் தரும் சுரங்களைத் தாண்டி அதனால் அதிக தூரம் போக முடியாது. வேண்டிய சுரத்தில் ஹார்மோனிக் வேண்டுமானால் இடக்கை ஒரு ஃபிரெட்டை அழுத்தித் தந்தியைக் குறுக்க வேண்டும். குறுகிய அந்த நீளத்தின் கணுவை வலக்கையே தொட வேண்டும், மீட்டவும் வேண்டும். ஒரு கைக்கு இரண்டு வேலைகள். மூன்று முறைகளும் வேறுபடுவது இந்த இரண்டு வேலைகளை வலக்கை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது என்பதில்தான். (இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் கைகளை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.)

எந்தக் கணு எந்தச் சுரத்தைத் தரும் என்பதைச் சங்கீதப் பழக்கம் உள்ள தமிழ் வாசகருக்கு மிக எளிதாகச் சொல்லிவிடலாம். இடக்கை அழுத்தும் சுரத்தை ஷட்ஜம் என்று வைத்துக்கொண்டால், தந்தியின் பாதியில் தொடும்போது மேல் ஷட்ஜமும், மூன்றில் ஒரு பங்கில் அதற்கும் மேலுள்ள பஞ்சமமும், நான்கில் ஒரு பங்கில் இரண்டு ஸ்தாயி மேலான ஷட்ஜமும், ஐந்தில் ஒரு பங்கில் அதற்கு மேலுள்ள அந்தர காந்தாரமும், ஆறில் ஒரு பங்கில் பஞ்சமமும் கேட்கும். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று தானாக எழுகிறதே, அது இந்த ஐந்தாம் சீரிசைதான் (சீரிசை என்பது ஹார்மோனிக்கின் தமிழ்ப் பெயர்; ஐந்தில் ஒரு பங்குக் கணு தருவது ஐந்தாம் சீரிசை). கிட்டாரின் ஃபிரெட்டில் வாசிக்கும் காந்தாரத்தைவிட இது ஏறத்தாழ 14 சென்ட் (ஓர் அரைச்சுரத்தில் நூறில் 14 பங்கு) தாழ்வாக இருக்கும் என்பதால், அதன் மேல் விரலசைவு கொடுக்காமல் நீட்டிப் பிடித்தால் பின்னணிக் கார்டோடு சற்று முரண்படுவது போலத் தோன்றும். ஏழாம் சீரிசை கைசிகி நிஷாதத்தைவிட இன்னும் தாழ்ந்து நிற்பது. சில வாசிப்பாளர்களின் கீச்சொலி வேண்டுமென்றே கரடுமுரடாகக் கேட்பதற்கு இவ்வகைச் சீரிசைகளும் ஒரு காரணம்.

இனி பின்ச். ராக், மெட்டல் இசையில் செயற்கை ஹார்மோனிக் என்றாலே பலரும் இதைத்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ராய் புகானன் 1960களிலேயே தம் ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாரில் இதைக் கையாண்டவர். இசட் இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 1973இல் வெளிவந்த ‘லா கிரேஞ்ச்’ பாடலின் தனிவாசிப்பில் எழுப்பிய கீச்சொலிகள் இன்றும் கற்பவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவை. 1980களின் இறுதியில் ஓஸி ஆஸ்போர்னின் குழுவில் சேர்ந்த ஸாக் வைல்ட், அகலமான விரலசைவையும் பின்சையும் இணைத்துத் தம் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்.

செய்முறை விவரிக்க எளிது. பிக்கின் நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வெளியே தெரியாதபடி நெருக்கிப் பிடித்து, கீழ்நோக்கி மீட்டும்போது பிக் தந்தியை விட்ட மறுகணமே கட்டைவிரலின் ஓரச் சதை அதே தந்தியை உரசிக்கொண்டு போக வேண்டும். பிக் தடிமனாக, 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. வளையும் பிக்கில் இந்தக் கணக்கு குழம்பிவிடும். கட்டைவிரல் தந்தியில் தங்கிவிட்டால் ஒலி செத்துப்போகும், தொடாமல் போனால் சாதாரணச் சுரமே கேட்கும். சில வாரங்கள் பழகினால் பத்தில் ஏழெட்டு முறையாவது கீச்சொலி வந்துவிடும். அதுவரை பின்ச் எளிய முறைதான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வலக்கை மீட்டும் பகுதியில் ஃபிரெட்டுகள் இல்லை. கணு எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட எந்த அடையாளமும் இல்லை. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தியின் அதிரும் நீளம் 648 மி.மீ. மூன்றாம் தந்தியில் 5ஆவது ஃபிரெட்டை அழுத்தினால் எஞ்சுவது ஏறத்தாழ 485 மி.மீ. அதன் நான்கில் ஒரு பங்குக் கணு பிரிட்ஜிலிருந்து (தந்தி கிட்டாரின் உடற்பகுதியில் ஊன்றும் இடத்திலிருந்து) 121 மி.மீ. தொலைவிலும், ஐந்தில் ஒரு பங்கு 97 மி.மீ. தொலைவிலும், ஆறில் ஒரு பங்கு 81 மி.மீ. தொலைவிலும் அமையும். அதாவது இரண்டு ஸ்தாயி மேலான ஷட்ஜத்துக்கும் அதன் மேலுள்ள காந்தாரத்துக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் 24 மி.மீ.; காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் 16 மி.மீ. இவற்றுக்கு நடுவிலும் வேறு கணுக்கள் ஒளிந்திருக்கின்றன. இடக்கை 12ஆவது ஃபிரெட்டுக்கு ஏறிவிட்டால் இந்த இடைவெளிகள் 16 ஆகவும் 11 ஆகவும் சுருங்கிவிடும். கட்டைவிரலின் ஓரம் தொடும் அகலமே சில மில்லிமீட்டர் இருக்கும்போது இது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கட்டைவிரல் தொடும் இடத்துக்கும் பிரிட்ஜுக்கும் இடையிலுள்ள துண்டு, எஞ்சிய நீளத்தை மிச்சமின்றிச் சம பங்குகளாக வகுக்கும் அளவாக இருந்தால், எழும் சுரத்தைத் தீர்மானிப்பது அந்தத் துண்டின் நீளமே. இடக்கை எங்கே இருக்கிறது என்பது பொருட்டில்லை. மூன்றாம் தந்தியில் கட்டைவிரலை 81 மி.மீ. தொலைவிலேயே வைத்துக்கொண்டு 5ஆவது ஃபிரெட்டை அழுத்தினால் அந்தச் சுரத்தின் ஆறாம் சீரிசை கிடைக்கும். 12ஆவது ஃபிரெட்டை அழுத்தினால் நான்காம் சீரிசை கிடைக்கும். இரண்டும் ஒரே சுரம், ஏறத்தாழ 1,568 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஜி. பின்சை மட்டுமே பழகியவர்களின் தனிவாசிப்பில், இடக்கை ஏறி இறங்கினாலும் கீச்சொலி மட்டும் ஒரே உயரத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். அவர்களின் வலக்கை எப்போதும் வசதியான ஓரிடத்திலேயே ஊன்றியிருக்கிறது. பிற இடங்களில் கட்டைவிரல் கணுவைத் தவறவிட்டு ஒலி மங்கும்போது, கெயின் (ஒலியை முடுக்கும் அளவு) போதவில்லை என்று நினைத்து ஆம்பின் (ஒலிபெருக்கியின்) திருகைக் கூட்டுகிறார்கள்.

பின்சுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதும் நிறைய உண்டு. பிக்கைப் பிடித்த பிடியை மாற்றாமலே, ஓடிக்கொண்டிருக்கும் வரிசையின் நடுவில் எந்தச் சுரத்தையும் இவ்வாறு கூர்மையாக்க முடியும். வேறு எந்த முறையும் இந்த வேகத்தைத் தராது. சுரத்தை வளைத்து ஏற்றும்போது தந்தியின் நீளம் மாறுவதில்லை என்பதால் கணுவின் இடமும் மாறாது. ஆகவே கீச்சொலியைப் பிடித்த பின் அதை இடக்கையால் எவ்வளவு வேண்டுமானாலும் வளைக்கலாம், அசைக்கலாம். பின்ச் ஹார்மோனிக் மனிதக் குரல்போல் கதறுவதாகத் தோன்றுவதற்கு இந்த வளைவே காரணம்.

தட்டல் முறையின் கதை வேறு. இதைப் பரவலாக அறியச் செய்தவர் எடி வான் ஹேலன். 1979இல் வெளிவந்த அவர் குழுவின் இரண்டாம் இசைத்தொகுப்பில், இடக்கை ஒரு கார்டைப் பிடித்திருக்க, வலக்கை விரல் அதே வடிவத்தை 12 ஃபிரெட் மேலே தட்டிக்கொண்டு போவதைக் கேட்கலாம். இம்முறையில் கணக்கு கண்ணெதிரே இருக்கிறது. இடக்கை 5ஆவது ஃபிரெட்டில் இருந்தால் வலக்கைக்கு 17ஆவது ஃபிரெட்; இடக்கை 7இல் இருந்தால் வலக்கைக்கு 19. இந்த 12 ஃபிரெட் தூரம் மேல் ஷட்ஜத்தைத் தரும். 7 ஃபிரெட் மேலே தட்டினால் அதற்கும் மேலுள்ள பஞ்சமம், 5 ஃபிரெட் மேலே தட்டினால் இரண்டு ஸ்தாயி மேலான ஷட்ஜம், 4 ஃபிரெட் மேலே, பட்டைக்குச் சற்று முன்னால் தட்டினால் அந்தக் காந்தாரம். எண்ணிக்கை தெரிந்தால் சுரம் தெரிந்தது. தற்செயலுக்கு இங்கே இடமில்லை.

தட்ட வேண்டியது ஃபிரெட்டுகளுக்கு இடையிலான மரப்பகுதியில் அல்ல, உலோகப் பட்டைக்கு நேர் மேலே. தந்தியை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பவர் கையை எடுக்கும் வேகத்தில் விரல் எகிறி வர வேண்டும். முதல் நாள் மாலையிலேயே ஒலி வந்துவிடும் என்று சொல்லத் துணிவேன், ஏனென்றால் நான் காட்டிக்கொடுத்த எவருக்கும் இது அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கவில்லை. தட்டுவதற்குப் பதிலாக, முன்பே மீட்டி ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தின் கணுவை விரலால் மெல்லத் தொட்டு எடுப்பதும் இதன் ஒரு வகைதான். நீண்டு நிற்கும் சுரம் சட்டென்று ஒரு ஸ்தாயி மேலே தாவும் அந்த விளைவு, மெதுவான பாடல்களில் மிக அழகாக அமையும்.

இதன் வரம்புகளும் அதே அளவுக்கு வெளிப்படையானவை. பழைய அமைப்பிலான ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 21 ஃபிரெட்டுகளும், கிப்சனின் லெஸ் பால் கிட்டாரில் 22 ஃபிரெட்டுகளும் உள்ளன. ஆகவே இடக்கை முன்னதில் 9ஆவது, பின்னதில் 10ஆவது ஃபிரெட்டைத் தாண்டிவிட்டால் 12 மேலே தட்டுவதற்குப் பட்டை இருக்காது. 7 அல்லது 5 தூரத்துக்கு இறங்கிவர வேண்டும், அல்லது ஃபிரெட் இல்லாத வெளியில் குத்துமதிப்பாகத் தட்ட வேண்டும். மீட்டும் இடத்திலிருந்து வலக்கை கழுத்துப் பகுதிக்குப் பறந்துபோய்த் திரும்ப வேண்டியிருப்பதால், விரைவான வரிசையின் நடுவே ஒற்றைச் சுரத்துக்கு இது உதவாது. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) அதிகமாக இருக்கும்போது, தட்டும் விரல் பக்கத்துத் தந்திகளையும் எழுப்பிவிடும். அவற்றை இடக்கையின் உட்புறத்தாலும் வலக்கையின் உள்ளங்கையாலும் அடக்கிவைக்கும் பழக்கம் தனியாகத் தேவை. இந்த அடக்கும் பழக்கம் பின்சுக்கும் பயன்படுவதால் அதை வீண் உழைப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஹார்ப் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் தமிழில் கிட்டார் கற்பவர்கள் இதைப் பற்றிக் கேள்விப்படுவதே குறைவு. வலக்கைச் சுட்டுவிரல் நுனியால் 12 ஃபிரெட் மேலேயுள்ள பட்டைக்கு நேராகத் தந்தியைத் தொட்டு, கட்டைவிரலாலோ, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்த பிக்காலோ, பிரிட்ஜ் பக்கமாகச் சற்றுத் தள்ளி மீட்டுவதே இம்முறை. தட்டல் முறையின் கணக்கு அப்படியே இதற்கும் பொருந்தும். ஆனால் ஒலி தட்டலைப் போல உலோகத்தன்மையோடு அல்லாமல், உருண்டையாக, தூய்மையாக இருக்கும். டிஸ்டார்ஷன் எதுவும் தேவையில்லை. சொல்லப்போனால் டிஸ்டார்ஷன் இதைக் கெடுத்துவிடும். நாஷ்வில்லின் செட் அட்கின்ஸும் ஜாஸ் கிட்டாரிஸ்ட் டால் ஃபார்லோவும் இதில் பெயர்பெற்றவர்கள். ஆனால் இதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர் அமெரிக்காவில் பிறந்து பதின்வயதில் கனடாவின் வின்னிபெக்குக்குக் குடிபெயர்ந்த லெனி புரோ. அவரை ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கொண்டுவந்து 1968இல் முதல் தொகுப்பு வெளிவரச் செய்தவர் செட் அட்கின்ஸே.

புரோ செய்தது இதுதான். ஒரு தந்தியில் ஹார்மோனிக்கையும், நடுவே இரண்டு தந்திகளை விட்டு அமைந்த வேறொரு தந்தியில் சாதாரணச் சுரத்தையும் மாறி மாறி எழுப்பினார். ஹார்மோனிக் ஒரு ஸ்தாயி மேலேறிவிடுவதால், கனத்த தந்தியின் சுரமும் மெல்லிய தந்தியின் சுரமும் ஒரே உயரத்தில் வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இதை உடனே சோதித்துப் பார்க்கலாம். இடக்கைச் சுட்டுவிரலை 5ஆவது ஃபிரெட்டில் ஆறு தந்திகளின் மேலும் கிடத்தி அழுத்திக்கொள்ளுங்கள். ஆறாம் தந்தியை 17ஆவது ஃபிரெட்டில் தொட்டு ஹார்ப் ஹார்மோனிக் ஒன்றை எழுப்புங்கள். அடுத்து மூன்றாம் தந்தியை மோதிரவிரலால் சாதாரணமாக மீட்டுங்கள். பிறகு ஐந்தாம் தந்தியில் ஹார்மோனிக், இரண்டாம் தந்தியில் சாதாரணச் சுரம்; அதன் பின் நான்காம் தந்தியில் ஹார்மோனிக், முதல் தந்தியில் சாதாரணச் சுரம். இடக்கை சிறிதும் அசையாமலே ஏ, சி, டி, ஈ, ஜி, மேல் ஏ என்று ஆறு சுரங்கள் படிப்படியாக ஏறிப்போகும். ஏ ஷட்ஜம் என்று கொண்டால் இது சுத்த தன்யாசியின் ஆரோகணம். கிட்டாரில் ராகம் வாசிக்க விரும்பும் ஒருவருக்கு இதைவிட நல்ல முதல் பயிற்சியை என்னால் எண்ணிப்பார்க்க இயலவில்லை. வழக்கமாக வாசிக்கும்போது ஒரு சுரம் நின்றுதான் அடுத்த சுரம் எழும். இங்கே ஆறும் ஆறு தந்திகளில் ஒலிப்பதால், எதுவும் அறுபடாமல் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து நிற்கும்.

ஆனால் உழைப்பு அதிகம். ஒற்றைச் சுரம் ஒரு வாரத்தில் வந்துவிடும். மேற்சொன்ன வரிசை சீராக, ஹார்மோனிக்குக்கும் சாதாரணச் சுரத்துக்கும் ஒலியளவில் வேறுபாடு தெரியாதபடி வர மாதங்கள் ஆகும். இடக்கை கார்டு வடிவத்தை மாற்றினால் அந்த வடிவத்தை 12 ஃபிரெட் மேலே வலக்கைச் சுட்டுவிரல் தொடர்ந்து நிழல்போலப் பின்பற்ற வேண்டும். மேலும் வலக்கை கழுத்தின் மேல் நிற்பதால், அங்கிருந்து வேகமான தாள வாசிப்புக்குத் திரும்புவது தட்டலைவிடவும் கடினம். பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஜாக்கோ பஸ்டோரியஸ் கட்டைவிரலால் கணுவைத் தொட்டு அதற்குப் பின்னால் விரலால் மீட்டும் வேறொரு பிடியைக் கையாண்டார். வெதர் ரிப்போர்ட் குழுவின் 1977ஆம் ஆண்டுத் தொகுப்பின் தொடக்கப் பாடலில் முதலில் ஒலிக்கும் மெட்டு அவ்வாறு எழுப்பப்பட்டதே. நீண்ட தந்தி கொண்ட பேஸில் கணுக்களுக்கு இடையிலான தூரமும் பெரிதாக இருப்பதால் அந்தப் பிடி அங்கே கைகொடுக்கிறது.

கருவிகளைப் பற்றிச் சில சொற்கள் போதும். எந்த முறையானாலும் புதிய தந்திகள் வேண்டும். வியர்வையும் துருவும் ஏறிய தந்தியின் எடை சீராக இருக்காது, சீரிசைகள் மங்கும். பின்சுக்குப் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பையே (பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் பகுதி) தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்துப் பிக்கப், பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ 162 மி.மீ. தொலைவில், அதாவது திறந்த தந்தியின் நான்கில் ஒரு பங்கில் அமைந்திருக்கிறது. முன்பு எடுத்துக்காட்டிய 81 மி.மீ. கீச்சொலிக்கு இரண்டாவது கணு மிகச் சரியாக அந்தப் பிக்கப்பின் மேலேயே விழுகிறது. தந்தி அசையாத இடத்தில் பிக்கப்புக்கு என்ன கேட்கும்? பிரிட்ஜ் பிக்கப்போ ஏறத்தாழ 4 செ.மீ. தொலைவில், அதே அதிர்வின் எதிர்க்கணுவுக்கு அருகில் நிற்கிறது. ஒரே விரல், ஒரே மீட்டல். சுவிட்சின் நிலை மாறினால் ஒன்றில் அலறலும் மற்றொன்றில் முனகலும் கேட்பதற்கு இதுவே காரணம்.

டிஸ்டார்ஷன் என்பது ஒலியை அழுத்தி, மெல்லிய சீரிசைகளையும் அடிப்படைச் சுரத்தின் அளவுக்கு உயர்த்திக் காட்டும் ஒன்று. அதனால் அது பின்சுக்குத் துணை. ஆனால் ஆசிரியர் அல்ல. கெயினை உச்சத்தில் வைத்துப் பழகுபவருக்குக் கணுவைச் சற்றுத் தவறவிட்டாலும் ஏதோ ஒரு கீச்சொலி கேட்டுவிடுவதால், பிழை பிழையாகவே தெரியாது. திருகைப் பாதியளவில் வைத்துப் பழகி, வாரம் ஒருமுறை முற்றிலும் தெளிவான ஒலியில் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம். ராய் புகானன் பெடல்களின் உதவியை நம்பாமல் டெலிகாஸ்டரையும் முடுக்கிவிட்ட ஃபெண்டர் ஆம்பையும் வைத்தே இதைச் செய்தார் என்பதைச் சலிப்பு வரும்போது நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். ராக், மெட்டல் வாசிக்க விரும்புபவர்களுக்கு இறுதியில் வேண்டியது பின்ச்தான்; அதில் ஐயமில்லை. ஆயினும் அவர்கள் முதல் இரண்டு வாரங்களைத் தட்டல் முறைக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தட்டலில் கணுவின் இடத்தைக் கண் பார்க்கிறது, எழும் சுரத்தைக் காது பதிவுசெய்துகொள்கிறது. ஷட்ஜம், பஞ்சமம், காந்தாரம் என்று ஒவ்வொன்றும் எப்படி ஒலிக்கும் என்பது காதில் ஏறிய பிறகு பின்சுக்குப் போனால், கட்டைவிரல் தொட்ட இடம் எந்தக் கணு என்பதைக் காதே சொல்லிவிடும். கண்ணுக்கு இலக்கு இல்லாத குறை பாதி தீர்ந்துவிடும். பின்சிலிருந்து தொடங்குபவர்களுக்கு இந்த வழிகாட்டி கிடைப்பதில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. அடுத்த மாதமே மேடையேற வேண்டும், ஒரு பாடலில் ஒரே இடத்தில் ஒரே கீச்சொலி போதும் என்பவர் நேராகப் பின்சுக்கே போகலாம். அந்த ஓர் இடத்தை மட்டும் அளந்து பழகிக்கொண்டால் காரியம் முடிந்தது.

தெளிவான ஒலியில் ஜாஸ், மெல்லிசை, தனிக் கிட்டார் வாசிப்பவர்கள் பின்சைத் தொடவே வேண்டியதில்லை. அவர்களும் இரண்டு மூன்று நாட்கள் தட்டலில் கணக்கைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஹார்ப் முறைக்கு மாறி அதிலேயே நிலைத்துவிடலாம். பிக் இல்லாமல் விரல்களால் மீட்டும் பழக்கம் ஏற்கெனவே இருந்தால் பாதி தூரம் கடந்தாயிற்று. மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்குவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வலக்கை மூன்று வெவ்வேறு பிடிகளுக்கு இடையே தடுமாறும், எதுவும் ஊன்றாது.

நான்காவதாக ஒரு வழியைச் சிலர் முன்வைப்பதுண்டு. இடக்கைச் சுட்டுவிரல் ஃபிரெட்டை அழுத்தியிருக்க, அதே கையின் சுண்டுவிரலே 5 ஃபிரெட் மேலே தொட்டுக்கொள்ள, வலக்கை வழக்கம்போல் மீட்டலாம். வயலினில் இதுதான் முறை. கிட்டாரின் நீண்ட கழுத்தில், ஃபிரெட்டுகள் நெருங்கியிருக்கும் மேல்பகுதியைத் தவிர, இது கையை வருத்தும் நீட்டல் என்பதால் முதன்மை முறையாகக் கொள்ளத் தக்கதல்ல. அதேபோல் பன்டேரா குழுவின் டைம்பேக் டேரல் டிரெமலோ பாரை (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கம்பியை) அழுத்தி விடுத்து எழுப்பிய நீண்ட ஊளைகளையும் பலர் பின்ச் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை திறந்த தந்தியின் இயல்பான ஹார்மோனிக்குகளைப் பாரால் மேலே இழுத்தவை. அதைத் தேடிவந்தவர் கட்டைவிரலை உரசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அவருக்கு வேண்டியது ஃப்ளாய்ட் ரோஸ் வகைப் பிரிட்ஜ்.

தட்டலிலிருந்து பின்சுக்கு மாறும் நாளில் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் அளவுள்ள கிட்டாரில் மூன்றாம் தந்திக்கு நேர் கீழே, பிரிட்ஜிலிருந்து 81 மி.மீ. தொலைவில், பிரிட்ஜ் பிக்கப்புக்கும் நடுப் பிக்கப்புக்கும் இடையே காகித டேப்பின் சிறு துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். லெஸ் பாலில் இது ஏறத்தாழ 78 மி.மீ. ஆகும், அங்கே அந்த இடம் எதன் மேல் விழுகிறது என்று பார்த்து ஒட்டிக்கொள்ள வேண்டும். கட்டைவிரலை அந்த அடையாளத்துக்கு நேராக வைத்து 5ஆவது ஃபிரெட்டில் ஒருமுறையும் 12ஆவது ஃபிரெட்டில் ஒருமுறையும் பின்ச் செய்யுங்கள். இரண்டும் ஒரே சுரமாகக் கேட்டால் கை சரியான இடத்தில் இருக்கிறது. வேறுபட்டால், டேப்பை நகர்த்தாமல் கட்டைவிரலை மட்டும் ஒரு மில்லிமீட்டர் முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டே மீண்டும் முயலுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு டேப்பை எடுத்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டு அதே இரண்டு ஃபிரெட்டுகளை வாசித்துப் பாருங்கள்.